சென்சார் டேட்டாவைக் கோட்டு வரைபடமாகப் போட்டால் அச்சில் எண்கள் வரிசை தவறி நிற்கின்றன (பைத்தான், மேட்பிளாட்லிப்)

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வேளச்சேரியில் வீட்டு மொட்டை மாடியில் ஒரு இஎஸ்பி32 (மைக்ரோகன்ட்ரோலர்) போர்டு ஓடுகிறது. டிஹெச்டி22 சென்சார் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தருகிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்கின் மூடியில் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கிறது. 30 விநாடிக்கு ஒரு வரி எஸ்டி கார்டில் சிஎஸ்வி கோப்பாக விழுகிறது. தலைப்பு வரி கிடையாது. நாலு காலம் (நெடுவரிசை): யூனிக்ஸ் நேரம் (1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள்), வெப்பம், ஈரப்பதம், மூடியிலிருந்து தண்ணீர் வரை உள்ள தூரம் செ.மீ.யில்.

1715330400,34.6,58.2,112
1715330430,34.6,58.4,112
1715330460,34.5,58.9,0
1715330490,34.7,58.6,112

பைத்தானின் சிஎஸ்வி மாட்யூலால் படித்து, ஒவ்வொரு காலத்தையும் ஒரு லிஸ்டில் அப்பெண்ட் செய்து, அப்படியே பிளாட் ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறேன். நேரத்தை மட்டும் ஃப்ரம் டைம்ஸ்டாம்ப் மூலம் மாற்றுகிறேன். கூகுள் கோலாபில் (கூகுளின் கணினியில் பைத்தான் ஓட்டும் சேவை) ஓட்டுகிறேன். வரும் சிக்கல்கள்:

1. நிற்கும் அச்சில் எண்கள் வரிசையாக இல்லை. அடியில் 34.6, அதற்கு மேல் 34.5, அதற்கும் மேல் 34.7. ஒரு நாள் டேட்டா போட்டால் இடது ஓரம் முழுக்கக் கறுப்பாக அப்பிக்கொள்கிறது.
2. பிற்பகல் 2:10-க்கு எடுத்த அளவு 8:40 என்று காட்டுகிறது.
3. அன்று 3:10-க்குக் கரண்ட் போய் 5:16-க்குத்தான் வந்தது. நடுவில் டேட்டாவே இல்லை. ஆனால் கோடு நேராக இழுத்து இரண்டையும் சேர்த்துவிடுகிறது.
4. டேங்க் கோட்டில் அங்கங்கே ஊசி போலப் பூஜ்யம் வரை இறங்கி ஏறுகிறது.
5. தமிழில் தலைப்பு கொடுத்தால் கட்டம் கட்டமாக வருகிறது.

கரண்ட் போன இடத்தில் கோப்பு இப்படி இருக்கிறது:

1715333970,34.1,60.2,114
1715334000,34.7,33.9,60.8,116
37,33.9,60.8,116
1715341660,33.8,61.1,116

டேங்கின் உள்விட்டம் 100 செ.மீ., சென்சாரிலிருந்து அடித்தளம் வரை 145 செ.மீ.

---

செம்புக்கம்பி எழுதியது:

ப்ரோ, முதல் சிக்கலுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணுதான். சிஎஸ்வி மாட்யூல் எதைப் படிச்சாலும் ஸ்ட்ரிங்காத்தான் தரும். 34.6-ன்னு நீங்க பாக்கிறது எண் இல்லை, நாலு எழுத்து. மேட்பிளாட்லிப்புக்கு ஸ்ட்ரிங் கொடுத்தா அது திட்டாது, எரர் போடாது. "சரி, இவை வகைகளின் பெயர்கள்"னு எடுத்துக்கிட்டு, எது முதல்ல வந்துச்சோ அதை அடியிலயும் அடுத்துப் புதுசா வந்ததை அதுக்கு மேலயும் சம இடைவெளியில அடுக்கும். உங்க கோப்புல முதல்ல 34.6, புதுசா 34.5, அப்புறம் 34.7. அச்சுலயும் அதே வரிசை. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு லேபிள் போடறதாலதான் ஓரம் கறுப்பா அப்புது.

அப்பெண்ட் பண்ற இடத்துல ஃப்ளோட் போட்டு மாத்தினா இது தீரும். ஆனா நான் சொல்றது, சிஎஸ்வி மாட்யூலை விட்டுட்டு பாண்டாஸுக்கு (அட்டவணை டேட்டாவுக்கான பைத்தான் லைப்ரரி) வந்துடுங்க. அடுத்த மூணு சிக்கலுக்கும் அது வேணும்.

ரீட் சிஎஸ்வி அழைக்கும்போது மூணு விஷயம் கட்டாயம் கொடுங்க. ஹெடர் நன் என்று கொடுக்கணும், இல்லேன்னா முதல் அளவையே தலைப்பா விழுங்கிடும். நேம்ஸ்ல நாலு காலத்துக்கும் பெயர் கொடுங்க. நேரம், வெப்பம், ஈரம், தூரம்னு தமிழ்லயே வெச்சுக்கலாம், பைத்தான் 3 ஏத்துக்கும். ஆன் பேட் லைன்ஸ்ல ஸ்கிப் கொடுங்க. அது ஏன்னு கீழே.

படிச்சதும் டிடைப்ஸ் பிரிண்ட் பண்ணிப் பாருங்க. வெப்பத்துக்கு எதிரே ஃப்ளோட்64 வந்தா நல்லது. ஆப்ஜெக்ட் மாதிரி எண் அல்லாத வகை வந்தா அந்தக் காலத்துல எங்கேயோ எழுத்து கலந்திருக்கு. டூ நியூமெரிக் ஃபங்ஷனை எரர்ஸ் கோயர்ஸோட ஓட்டினா எண்ணா மாறாதது எல்லாம் காலியிடமா மாறிடும். டிஹெச்டி22 பதில் தராத நேரத்துல ஆர்டுயினோ நிரல் "நேன்"னு (எண் இல்லைங்கிற குறி) எழுதும், அதை பாண்டாஸ் தானாவே காலியிடமா எடுத்துக்கும். "சென்சார் எரர்"னு வாக்கியமா எழுதற நிரலா இருந்தாத்தான் இந்தத் தொல்லை.

இப்ப நீங்க ஒட்டின இரண்டாவது துண்டைக் கவனிங்க. 1715334000 வரியில அஞ்சு காலம் இருக்கு! அது ஒரு வரியே இல்லை, ரெண்டு அரை வரி. வெப்பத்தை எழுதிக்கிட்டிருக்கும்போது "34." வரைக்கும் போய்க் கரண்ட் நின்னுடுச்சு. போர்டு மறுபடி எழுந்து, ஏழாவது விநாடியில தன் முதல் வரியை "7,33.9,60.8,116"னு அதே இடத்துல ஒட்டிடுச்சு. விளைவு 34.7. பார்த்தா நிஜ வெப்பநிலை மாதிரியே இருக்கு. சிஎஸ்வி மாட்யூல் இதைக் கேள்வி கேக்காம விட்டிருக்கும், ஈரப்பதம் 33.9-ன்னு ஒரு பொய்ப் புள்ளியும் உங்க படத்துல இருக்கும், தேடிப் பாருங்க. பாண்டாஸ் அஞ்சு காலத்தைப் பார்த்தா எரர் போட்டு நிக்கும். ஸ்கிப் கொடுத்தா அந்த வரியைத் தாண்டிடும்.

நிரந்தர வழி போர்டு பக்கம் இருக்கு. பூட் ஆனதும் முதல் வேலையா கோப்புல ஒரு வெறும் நியூலைன் எழுதுங்க. அரை வரி அங்கேயே முடிஞ்சிடும், ஒட்டிக்காது. மிச்சக் காலங்கள் காலியிடமா வரும், வெப்பம் மட்டும் 34-ன்னு நிக்கும், அதனால பெரிய கெடுதல் இல்லை. வெற்று வரிகளை பாண்டாஸ் தானே தாண்டிடும். ஒவ்வொரு வரி எழுதினதும் ஃப்ளஷ் பண்ணுங்க, இல்லேன்னா பஃபர்ல நிக்கிறது எல்லாம் போயிடும்.

---

கடற்காற்று எழுதியது:

நேரத்தையும் இடைவெளியையும் நான் சொல்கிறேன்.

யூனிக்ஸ் நேரம் எப்போதும் யுடிசி (உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்). ஃப்ரம் டைம்ஸ்டாம்ப் அதை "இந்தக் கணினியின் உள்ளூர் நேரத்துக்கு" மாற்றும். உங்கள் லேப்டாப்பில் ஓட்டியிருந்தால் 14:10 என்றே வந்திருக்கும். கோலாப் கணினியின் கடிகாரம் யுடிசியில் இருப்பதால் 08:40. இதைப் பார்த்ததும் 19800 விநாடியைக் கூட்டிச் சரிக்கட்டத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிச் செய்த கோப்பு வேறொருவர் கையில் போனால் ஐந்தரை மணி நேரம் இன்னொரு முறை ஏறிவிடும்.

டூ டேட்டைம் ஃபங்ஷனில் யூனிட் "எஸ்" (விநாடி) என்றும் யுடிசி ட்ரூ என்றும் எரர்ஸ் கோயர்ஸ் என்றும் கொடுங்கள். பிறகு டிடி வழியாக டிஇசட் கன்வர்ட் செய்து "ஆசியா/கொல்கத்தா" என்று மாற்றுங்கள். அந்தக் காலத்தை இண்டெக்ஸ் ஆக்குங்கள்.

இத்தோடு முடியவில்லை. அச்சில் மணி:நிமிடம் மட்டும் தெரிய டேட் ஃபார்மேட்டரைக் கையால் வைப்போம் இல்லையா? அதற்கு நேர மண்டலம் தராவிட்டால் அது மேட்பிளாட்லிப்பின் இயல்பான யுடிசிக்கே திரும்பிப் போய்விடும். டேட்டா சரியாக இருக்கும், லேபிள் மட்டும் 08:40 என்று நிற்கும். ஃபார்மேட்டருக்கும் ஹவர் லொகேட்டருக்கும் (அச்சில் குறிகள் எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்வது) இரண்டுக்குமே டிஇசட் கொடுக்க வேண்டும். ஃபார்மேட்டருக்கு மட்டும் கொடுத்து லொகேட்டரை மறந்தால் குறிகள் 5:30, 8:30, 11:30 என்று அரை மணியில் விழும். அப்படிப் பார்த்தால் எங்கே தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

போர்டில் என்டிபி கிளையன்ட் லைப்ரரி (இணையத்திலிருந்து நேரம் எடுப்பது) பயன்படுத்தினால் ஒன்று கவனிக்க வேண்டும். அதில் 19800 ஆஃப்செட் கொடுத்திருந்தால் கெட் எபாக் டைம் அதையும் கூட்டித்தான் தரும். அப்போது நீங்கள் எழுதுவது யூனிக்ஸ் நேரமே அல்ல. ஆஃப்செட்டைப் பூஜ்யமாக்கி, மாற்றும் வேலையைப் பைத்தானிடம் விடுங்கள்.

37 என்று தொடங்கும் வரி: கரண்ட் வந்ததும் போர்டு சில விநாடியில் எழுந்துவிடுகிறது, வைஃபை ரௌட்டர் எழ இன்னும் நேரம் பிடிக்கும். அதுவரை போர்டுக்குத் தெரிந்த நேரம் 1970 ஜனவரி 1. இந்த ஒரு வரி போதும், கிடை அச்சு 1970-லிருந்து இன்றுவரை நீண்டு, உங்கள் ஒரு நாள் முழுவதும் வலது ஓரத்தில் செங்குத்தான ஒரு கீற்றாகிவிடும். நேரம் 1700000000-க்குக் கீழே உள்ள வரிகளை மாற்றுவதற்கு முன்பே நீக்கிவிடுங்கள். அந்த எண் 2023 நவம்பரைக் குறிக்கிறது, உங்கள் டேட்டா அதற்குப் பிந்தியது.

இனி அந்த நேர்க்கோடு. கோட்டு வரைபடத்தில் இரண்டு புள்ளிக்கு நடுவே கோடு இழுத்தால், "இந்த நேரத்திலும் அளந்தேன், இப்படித்தான் இருந்தது" என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். இரண்டு மணி நேரம் அளக்கவே இல்லை என்றால் அங்கே கோடு இருக்கக் கூடாது. மேட்பிளாட்லிப் காலியிடம் கண்டால் கோட்டை உடைக்கும். ஆனால் உங்கள் கோப்பில் காலியிடமே இல்லை, வரிகள்தான் இல்லை. ஆகவே வரிகளை உண்டாக்க வேண்டும். ரீசாம்பிள் (நேரத்தைச் சம கட்டங்களாகப் பிரிப்பது) ஒரு நிமிடம், அதன்மேல் மீன் (சராசரி). டேட்டா விழாத நிமிடங்களுக்குத் தானாகவே காலியிடம் வரும், கோடு அங்கே விட்டுப் போகும்.

ஏன் 30 விநாடி இல்லாமல் ஒரு நிமிடம்? போர்டு டிலே 30 விநாடி என்றாலும், சென்சாரைப் படித்து எழுதும் நேரமும் சேர்ந்து ஒரு சுற்று 30-ஐச் சற்றுத் தாண்டும். அந்த மிச்சம் சேர்ந்துகொண்டே போய், சில 30 விநாடிக் கட்டங்களில் ஒரு அளவும் விழாது. கோடு தேவையே இல்லாத இடங்களில் பொத்தல் பொத்தலாகும். கட்டம் அளக்கும் இடைவெளியைவிட இரு மடங்காவது இருக்கட்டும்.

ரீசாம்பிளுக்குப் பிறகு பழக்க தோஷத்தில் டிராப்நா போட்டுவிடாதீர்கள். காலியிடங்கள் போய், பழைய நேர்க்கோடு திரும்ப வந்துவிடும். ஃபில்நா பூஜ்யம் அதைவிட மோசம். ஒரே ஒரு நிமிடம் விட்டுப்போன இடத்தை நிரப்ப இன்டர்போலேட் லிமிட் 1 போதும், ஆனால் அது பெரிய இடைவெளியின் முதல் நிமிடத்தையும் நிரப்பும் என்பதை அறிந்து வையுங்கள்.

மூன்று அளவையும் ஒரே படத்தில் திணிக்க வேண்டாம். சப்பிளாட்ஸ் மூன்று வரிசை, ஷேர் எக்ஸ் ட்ரூ. ட்வின் எக்ஸ் போட்டு இடமும் வலமும் இரண்டு அளவுகோல் வைத்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு ஏதோ பொருள் இருப்பது போலத் தெரியும், ஆனால் அது நீங்கள் வைத்த எல்லைகளைப் பொறுத்தது மட்டுமே. மேலும் கீழுமாக வைத்தால் சென்னைக் கோடையில் ஒரு அழகான காட்சி கிடைக்கும். கடற்காற்று உள்ளே வரும் நேரத்தில் வெப்பக் கோடு மளமளவென்று சரியும், அதே செங்குத்தில் ஈரப்பதக் கோடு எழும்பும். 10 நிமிட சராசரியில் இது பளிச்சென்று தெரியும். ஒரு மணி நேர சராசரியில் மழுங்கிப்போகும்.

டிஹெச்டி22 வெயில் நேரே படும் இடத்தில் இருந்தால் எந்தப் பைத்தானாலும் காப்பாற்ற முடியாது. சென்னையில் 2003 மே மாதம் பதிவான 45 டிகிரியே உச்சமாகச் சொல்லப்படுவது. உங்கள் கோடு 48 என்று காட்டினால் அது காற்றின் வெப்பமல்ல, பெட்டியின் வெப்பம். நிழலில், காற்றோட்டம் இருக்குமாறு, மாடித் தளத்தின் சூடு ஏறாத உயரத்தில் வையுங்கள்.

---

ஆழ்துளை எழுதியது:

டேங்க் கோட்டுக்கு வருகிறேன். எதிரொலி திரும்பி வராவிட்டால் பல்ஸ்இன் (எதிரொலியின் நேரத்தை அளக்கும் ஆர்டுயினோ ஃபங்ஷன்) பூஜ்யம் தரும். அது தூரம் அல்ல, "பதில் இல்லை" என்ற செய்தி. இந்தச் சென்சாருக்குச் சுமார் 20 செ.மீ.க்குள் கண் தெரியாது. உங்கள் டேங்கில் 145-க்கு மேல் வரவும் வாய்ப்பில்லை. ஆக 20-க்கும் 145-க்கும் இடையில் இல்லாத எல்லாவற்றையும் வேர் ஃபங்ஷனால் காலியிடமாக்குங்கள்.

சிலர் இதைச் செய்யாமல் நேரே சராசரி எடுப்பார்கள். 112, 112, 0, 112, 112 என்ற ஐந்தின் சராசரி 89.6. மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) 112. உங்கள் டேங்கில் ஒரு செ.மீ. என்பது 7.85 லிட்டர். ஒரு தவறிய எதிரொலிக்காக 176 லிட்டர் தண்ணீர் கோட்டில் ஏறி இறங்கும்.

வடிகட்டிய பிறகு ரோலிங் 5 (அடுத்தடுத்த ஐந்து அளவுகள்), அதன்மேல் மீடியன். இரண்டு சின்ன விஷயம்: சென்டர் ட்ரூ கொடுங்கள், இல்லாவிட்டால் கோடு இரண்டு அளவு, அதாவது ஒரு நிமிடம், பின்தங்கும். மின் பீரியட்ஸ் 3 கொடுங்கள். அது இல்லாமல் ஐந்தில் ஒன்று காலியாக இருந்தாலும் விடை காலியாகிவிடும், ஒரு பூஜ்யத்தை நீக்கப்போய் ஐந்து புள்ளியை இழப்பீர்கள். இத்தனையும் முடிந்த பிறகுதான் ரீசாம்பிள். வரிசையை மாற்றினால் பூஜ்யம் சராசரிக்குள் கரைந்துபோய், பிறகு பிடிக்கவே முடியாது.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படத்தில் கட்டாயம் வந்திருக்கும். மதியம் யாரும் மோட்டார் போடாமலே நீர்மட்டம் கொஞ்சம் ஏறி, சாயங்காலம் இறங்குவது போலத் தெரிகிறதா? அது தண்ணீர் அல்ல. ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தோடு கூடும்: 331.3 + 0.606 × வெப்பம், மீட்டர்/விநாடி. நிரலில் 343 என்று நிலையாக வைத்திருப்பார்கள், அது 20 டிகிரிக்கு உரியது. உண்மையான தூரம் 112 என்றால் 28 டிகிரியில் 110.3 என்றும், 38 டிகிரியில் 108.4 என்றும் காட்டும். வித்தியாசம் 1.9 செ.மீ., 15 லிட்டர். நம்மூர் வெயிலில் இது தினமும் நடக்கும்.

திருத்தம் ஒரே வரி. தூரக் காலத்தை (331.3 + 0.606 × வெப்பக் காலம்) ஆல் பெருக்கி 343-ஆல் வகுத்துவிடுங்கள். உங்கள் நிரலில் 0.034 (செ.மீ./மைக்ரோவிநாடி) என்று இருந்தால் 343 அல்ல, 340. ஸ்கெட்ச்சை (ஆர்டுயினோ நிரலை) திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். டேங்குக்குள் இருக்கும் காற்று வெளியே உள்ளதைவிடச் சூடாக இருக்கும் என்பதால் கொஞ்சம் பிழை மிஞ்சும். அதையும் போக்க வேண்டுமானால் மூடிக்கு உள்பக்கம் ஒரு டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் தொங்கவிடுங்கள், ரிச்சி தெருவில் நீர் புகாத உலோகக் குப்பி வகையே கிடைக்கும். அது 85 என்று காட்டினால் தூக்கிப் போடுங்கள், கன்வர்ஷன் முடியும் முன் படித்ததால் வரும் தொடக்க மதிப்பு அது. -127 என்றால் வயர் விட்டுப்போயிருக்கிறது.

கடைசியாக, தூரத்தை வரையாதீர்கள். தண்ணீர் குறைந்தால் கோடு ஏறும், வீட்டில் யாருக்கும் புரியாது. (145 − தூரம்) × 7.85 என்று லிட்டராக்கி வரையுங்கள். டேங்க் படத்துக்கு செட் ஒய்லிம் 0 முதல் 1000 வரை நிலையாக இருக்கட்டும். அப்போதுதான் நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வெப்பத்துக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை, 24 முதல் 42 போதும்.

---

மொட்டைமாடி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அச்சு சரியாகிவிட்டது, 14:10 சரியாக வருகிறது, கரண்ட் போன இடத்தில் கோடு விட்டிருக்கிறது. 33.9 ஈரப்பதப் புள்ளி நிஜமாகவே அங்கே இருந்தது, நீக்கிவிட்டேன். மதியம் ஏறும் நீர்மட்டமும் இருந்தது, திருத்தியபின் கிட்டத்தட்ட மட்டமாகிவிட்டது. ஸ்கெட்ச்சில் 0.034 தான்.

ஆனால் ஐந்தாவது சிக்கல் பாக்கி. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி ஃபான்ட் ஃபேமிலியில் கொடுத்தேன். கட்டங்கள் போய்விட்டன. ஆனால் "வெப்பம்" என்பதில் கொம்பு இடம் மாறி, வ-வுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

---

எழுத்தாணி எழுதியது:

கட்டம் வந்ததற்குக் காரணம், மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவூ சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லை. அதை நீங்களே தீர்த்துவிட்டீர்கள். இப்போது நிற்பது வேறு வகைக் கோளாறு. தமிழ் யூனிகோடில் "வெ" என்பது முதலில் வ, பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்துவது எழுத்துக்கோப்பு இயந்திரத்தின் வேலை. மேட்பிளாட்லிப்பின் பரவலாகப் பயன்படும் பதிப்புகள் அந்த வேலையைச் செய்யாமல் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வைக்கின்றன. "நேரம்", "தொட்டி" எல்லாம் இதே போல உடையும். டு, மு, று போன்ற உகர எழுத்துகளும் ஒட்டாமல் பிரிந்து நிற்கும். எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் இது போகாது.

எளிய வழி: எழுத்தை வரையும் பொறுப்பை பிரவுசரிடம் விட்டுவிடுங்கள். ஆர்சி பாராம்ஸில் எஸ்விஜி டாட் ஃபான்ட்டைப் என்பதற்கு "நன்" என்ற ஸ்ட்ரிங்கைக் கொடுங்கள். பைத்தானின் நன் மதிப்பு அல்ல, மேற்கோள் குறிக்குள். பிறகு பிஎன்ஜிக்குப் பதில் எஸ்விஜியாகச் சேமியுங்கள். இப்போது தலைப்பு வளைகோடுகளாக மாறாமல் எழுத்தாகவே கோப்புக்குள் போகும். குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ திறந்தால் கொம்பும் உகரமும் அதனதன் இடத்தில் நிற்கும். மேட்பிளாட்லிப் எழுத்தின் அகலத்தைத் தன் கணக்கில் போட்டிருப்பதால் நீண்ட தலைப்புகள் ஓரத்தில் சற்று இடிக்கலாம். லேபிள்பேடைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிஎன்ஜிதான் வேண்டும், குடும்ப வாட்ஸ்அப்பில் போட வேண்டும் என்றால், அதே எஸ்விஜியைப் பிரவுசரில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பது நேரான வழி. அடிக்கடி அனுப்புவதானால் பிளாட்லிக்கு (இன்னொரு வரைபட லைப்ரரி) மாறலாம். அது முழுக்கப் பிரவுசரில் வரைவதால் தமிழ் முதலிலிருந்தே ஒழுங்காக இருக்கும். அதிலும் உங்கள் காலியிடங்கள் கோட்டை உடைக்கும், கனெக்ட் கேப்ஸ் என்பதை ட்ரூ ஆக்காத வரை.